பழைய காருக்கு வில்லங்கம் பார்ப்பது எப்படி? சேசிஸ் நம்பர் பற்றி ஓர் எளிய விளக்கம்

"சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தாச்சு தம்பி, கிளீன் வண்டி." போன வருஷம் என் சித்தப்பா மகன் கடலூரில் ஒரு பழைய காரைப் பார்க்கப் போனபோது புரோக்கர் சொன்னது இது. எதில் போட்டுப் பார்த்தார், அதில் என்ன வந்தது என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே முன்பணம் கொடுக்கக் கிளம்பியவனை, ஒருநாள் பொறு என்று நான்தான் நிறுத்தினேன். மறுநாள் போய் டிரைவர் சீட்டுக்குக் கீழே தரைவிரிப்பைத் தூக்கினோம். காய்ந்து பொடிந்த வண்டல் மண் கைநிறைய வந்தது.

புரோக்கர் பொய் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. உண்மையிலேயே போட்டுப் பார்த்திருக்கலாம், கிளீன் என்றே வந்திருக்கலாம். வண்டிக்குள் வெள்ளம் புகுந்ததா என்ற கேள்விக்கு சேசிஸ் நம்பரிடம் பதில் இல்லை. அந்த நம்பர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, அதை எடுத்துக்கொண்டு எங்கெங்கே போய்க் கேட்க வேண்டும் என்பது பழைய கார் வாங்கும் பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. இதில் போவது ஒரு குடும்பத்தின் பல வருஷச் சேமிப்பு. அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

சர்வே எண்ணும் கதவு எண்ணும்

மனை வாங்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். அதற்கு ஒரு சர்வே எண் இருக்கிறது. அந்த எண்ணை மட்டும் வெறித்துப் பார்த்தால் மனை அடமானத்தில் இருக்கிறதா, யாருக்கெல்லாம் கைமாறியது என்று தெரியுமா? தெரியாது. எண்ணை எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போடுகிறோம், தாலுகா பதிவில் பட்டா பார்க்கிறோம். அப்படியும் பதிவாகாத ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் அதில் வராது. அதனால் பக்கத்து மனைக்காரரிடமும் விசாரிக்கிறோம்.

காருக்கும் இதே கதைதான். வண்டியின் இரும்பிலேயே பொறித்திருக்கும் 17 எழுத்தும் இலக்கமும் சேர்ந்த எண்தான் சேசிஸ் நம்பர். வெளிநாட்டில் இதையே வின் நம்பர் என்பார்கள். இதுதான் சர்வே எண். முன்னும் பின்னும் மாட்டியிருக்கும் நம்பர் பிளேட் கதவு எண் மாதிரி. மாநிலம் மாறினால் அது மாறும். சேசிஸ் நம்பர் வண்டி உடைத்துக் காயலான் கடைக்குப் போகும்வரை மாறாது.

யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்தவர்களுக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. அங்கே வின் நம்பரைக் கொடுத்தால் விபத்து, இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிட்டது, ஓடோமீட்டர் அளவு என்று ஒரே அறிக்கையில் வரும். பல மாநிலப் பதிவுகளும் இன்சூரன்ஸ் நிறுவனங்களும் ஏல நிலையங்களும் தங்கள் தகவலை ஒரு இடத்துக்கு அனுப்புவதால் அது நடக்கிறது. நம் ஊரில் அந்த மாதிரி எல்லாம் சேர்ந்த ஒரே அறிக்கை கிடையாது. ஆர்.டி.ஓ. கணக்கு ஒரு இடத்தில், போலீஸ் கணக்கு ஒரு இடத்தில், சர்வீஸ் கணக்கு ஒரு இடத்தில், இன்சூரன்ஸ் கணக்கு இன்னோர் இடத்தில் கிடக்கிறது. "முழு ஜாதகம்" என்று காசு கேட்கும் தளங்கள் வந்தால், இலவசமாகக் கிடைக்காதது அதில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

இதுவரை சொன்னது: சேசிஸ் நம்பர் ஒரு சாவி. பூட்டுகள் பல இடத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியது வாங்குபவர்.

17 எழுத்துக்குள் என்ன இருக்கிறது

இந்த எண்ணின் அமைப்பு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகள் இதில் வரவே வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் விட்டுவிட்டார்கள். ஆக, ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம்தான்.

முதல் மூன்று எழுத்தும் தயாரித்தவர் யார் என்று சொல்லும். இந்தியாவில் செய்த கார்கள் பெரும்பாலும் 'எம்' எழுத்தில் தொடங்கும். மாருதி சுசூகி என்றால் எம்.ஏ.3, ஹூண்டாய் என்றால் எம்.ஏ.எல்., டாடா என்றால் எம்.ஏ.டி. நடுவில் வருபவை மாடல், என்ஜின் வகை போன்றவை. அவற்றுக்குள் நாம் போக வேண்டியதில்லை. கடைசியில் வருவது வரிசை எண்.

வாங்குபவருக்கு முக்கியம் ஆண்டு எழுத்து. பல நிறுவனங்கள் பத்தாவது இடத்தில் இதை வைக்கின்றன. 2018-க்கு ஜே, 2019-க்கு கே, 2020-க்கு எல், 2021-க்கு எம். எல்லா நிறுவனமும் ஒரே இடத்தில் வைப்பதில்லை என்பதால் இதை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம்; ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருஷமும் தனியாக அச்சிட்டிருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். 2017 டிசம்பரில் செய்து 2018 மார்ச்சில் பதிவான வண்டியை "2018 மாடல்" என்றே விற்பார்கள். பதிவு 2018 என்பது சரிதான், வண்டி 2017. விலை பேசும்போது அந்த ஒரு வருஷம் உங்கள் பக்கம் நிற்கும்.

காகிதத்தில் பார்த்தால் போதாது

எண்ணை ஆர்.சி.யில் மட்டும் படித்துவிட்டு வராதீர்கள். வண்டியில் படியுங்கள். சில கார்களில் பானெட்டைத் திறந்தால் என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரில் பொறித்திருக்கும். சிலவற்றில் முன் சீட்டுக்குக் கீழே விரிப்பில் ஒரு சின்ன மடிப்பு இருக்கும், அதைத் தூக்கினால் தெரியும். கதவு நிலைப்பகுதியில் ஒட்டிய தகட்டிலும் இருக்கும். எங்கே என்று வண்டியோடு வரும் கையேட்டில் போட்டிருப்பார்கள்.

எழுத்துகளை விரலால் தடவிப் பாருங்கள். ஆழம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், வரிசை நேராக இருக்க வேண்டும். ஒரு எழுத்து மட்டும் ஆழமாக இறங்கியிருந்தால், சுற்றிலும் அரம் போட்டுத் தேய்த்த தடமோ வெல்டிங் கோடோ அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயிண்டோ தெரிந்தால், அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

காரணம் இருக்கிறது. விபத்தில் நொறுங்கிய ஒரு காரை அதன் ஆர்.சி.யோடு சேர்த்து வாங்கி, அதே மாடலில் திருடிய இன்னொரு காரில் அந்த சேசிஸ் நம்பரைப் பொறித்து விற்கும் மோசடி பல வருஷமாக நடக்கிறது. ஆர்.சி. அசல், ஆன்லைன் தகவல் சரி, நம்பர் பிளேட் சரி. வண்டி மட்டும் வேறு. திருட்டு வண்டியைத் தெரியாமல் வாங்கினாலும் அது உங்களுடையது ஆகாது. போலீஸ் எடுத்துக்கொண்டு போனால் பணத்துக்கு நீங்கள்தான் அலைய வேண்டும்.

ஒரு வெள்ளைத் தாளை எண்ணின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்தின்போது புரோக்கர்கள் எடுக்கும் அதே பென்சில் பிரிண்ட்தான். வீட்டுக்குப் போய் நிதானமாக ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடலாம். என்ஜின் நம்பர் தனி. அதையும் பார்க்க வேண்டும். என்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

எந்தக் கணக்கில் எது கிடைக்கும்

முதலில் போக வேண்டிய இடம் வாகன். நாடு முழுவதும் ஆர்.டி.ஓ. அலுவலகங்களின் பதிவுகளை வைத்திருக்கும் அரசு தரவுத்தளம் அது. பரிவாகன் இணையதளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ நம்பர் பிளேட் எண்ணைக் கொடுத்தால் பதிவுத் தேதி, எரிபொருள், எஃப்.சி. எனும் தகுதிச் சான்றின் காலம், இன்சூரன்ஸ் காலம், கடன் இருக்கிறதா, கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். உரிமையாளர் பெயர் பாதி மறைத்திருக்கும். ஆக, தேடுவது கதவு எண்ணை வைத்து. சேசிஸ் நம்பரின் கடைசி ஐந்து இலக்கம் சில சேவைகளில் சரிபார்க்க மட்டும் கேட்கும். இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாமல்தான் "சேசிஸ் போட்டுப் பார்த்தேன்" என்ற பேச்சு ஓடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஹெச்.பி. கடனுக்கு வாங்கிய வண்டியில், கடன் கொடுத்த வங்கியின் பெயர் ஆர்.சி.யில் ஏறியிருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். கடன் கட்டி முடித்த பிறகும் பலர் அதை நீக்காமல் விட்டிருப்பார்கள். "லோன் எப்பவோ முடிஞ்சிடுச்சு சார்" என்ற பேச்சு போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து ஆர்.டி.ஓ.வில் அந்தப் பெயரை நீக்கிய பிறகுதான் வில்லங்கம் தீரும். கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், மீதித் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல் நேராக வங்கியில் கட்டுங்கள்.

அடுத்தது போலீஸ் கணக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன விசாரணை வசதி டிஜிட்டல் போலீஸ் இணையதளத்தில் இருக்கிறது. பதிவு எண், சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் மூன்றையும் கொடுத்தால், திருட்டு வழக்கில் தேடப்படும் வண்டியா என்று சொல்லும். சேசிஸ் நம்பர் நேரடியாகப் பயன்படும் இடம் இது. வண்டியில் நீங்களே படித்த எண்ணைக் கொடுங்கள், ஆர்.சி.யில் உள்ளதை மட்டும் கொடுக்காதீர்கள். இ-சலான் தளத்தில் கட்டாத அபராதம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிஷ வேலை.

அப்புறம் சர்வீஸ் கணக்கு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறை வண்டி வரும்போதும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்ன மாற்றினார்கள் என்று பதிவாகும். 2022-ல் 81,000 கிலோமீட்டர் என்று பதிவான வண்டி இன்று மீட்டரில் 58,000 காட்டினால் வேறு விளக்கம் தேவையில்லை. பல இடங்களில் உரிமையாளருக்கு மட்டும்தான் இந்த விவரத்தைக் கொடுப்பார்கள். ஆகவே விற்பவரையே கூட்டிக்கொண்டு போங்கள். ஒளிக்க ஒன்றுமில்லாதவர் வருவார். வெளியே மெக்கானிக்கிடம் விட்டு வந்த வண்டிக்கு இந்தக் கணக்கு பாதியில் நின்றிருக்கும், அது தப்பில்லை. ஓட்டம் குறைந்திருந்தால்தான் தப்பு.

கையோடு சேசிஸ் நம்பரைக் கொடுத்து, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். தயாரிப்பில் வந்த குறையைக் கம்பெனியே இலவசமாகச் சரிசெய்து தரும் ஏற்பாடு அது. டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் குறைக்காக உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள், இந்தியாவிலும்தான். முதல் உரிமையாளர் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்த ஏர்பேக் இன்னும் அதே காரில் இருக்கும்.

கடைசியாக இன்சூரன்ஸ். ஒரு வண்டிக்கு எத்தனை க்ளெய்ம் போனது என்பதை வெளியாள் பார்க்கும் பொதுப் பதிவு நம்மிடம் இல்லை. ஆனால் பாலிசிக் காகிதத்தில் என்.சி.பி. என்று ஒரு விழுக்காடு இருக்கும். க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி அது: முதல் வருஷம் 20, பிறகு 25, 35, 45, ஐந்து வருஷத்தில் 50. ஆறு வருஷமாக ஒரே ஆளிடம் இருக்கும் வண்டியில் என்.சி.பி. பூஜ்யம் என்றால், போன பாலிசிக் காலத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று கேளுங்கள். இந்தத் தள்ளுபடி ஆளுக்குச் சேர்ந்தது, வண்டிக்குச் சேர்ந்தது இல்லை. அதனால் சமீபத்தில் வாங்கியவரிடமோ, இடையில் பாலிசி காலாவதியானவரிடமோ பூஜ்யம் இருப்பது இயல்பே.

சுருக்கமாக: வாகனில் பதிவும் கடனும், காவல்துறைத் தளத்தில் திருட்டும், சர்வீஸ் சென்டரில் ஓட்டமும், பாலிசியில் க்ளெய்மின் சாயலும் தெரியும். ஒன்றில் கிளீன் என்று வந்தால் அந்த ஒன்றில் மட்டும்தான் கிளீன்.

பி.ஒய்.01-ம் டி.என்.31-ம்

கடலூர்க்காரர்களுக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் இதில் தனியாக ஒரு அத்தியாயம் உண்டு. முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. வேலைக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தினமும் தாண்டுகிற நமக்கு அது எல்லை மாதிரியே தெரியாது. ஆர்.டி.ஓ.வுக்குத் தெரியும்.

புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால் அங்கே பதிவு செய்த கார்கள் வெளியே நிறைய ஓடுகின்றன. போலி முகவரி கொடுத்துச் சொகுசுக் கார்களை அங்கே பதிவு செய்ததாக 2017-ல் கேரளத்தில் பெரிய விசாரணையே நடந்தது. புதுச்சேரியில் குடியிருப்பவர் அந்த ஊர்ப் பதிவான பி.ஒய். வண்டி வாங்குவதில் சிக்கல் இல்லை. கடலூரில் குடியிருந்துகொண்டு பி.ஒய்.01 கார் வாங்கினால், விற்பவர் அங்கே படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், நீங்கள் இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ப ஆயுள் வரி கட்டிப் புது எண் வாங்க வேண்டும். "அப்படியே ஓட்டலாம், யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லி விலையைக் கொஞ்சம் குறைப்பார்கள். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் எண்ணை மாற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அந்த வரியையும் விலையோடு கூட்டித்தான் பேரம் பேச வேண்டும்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். இப்படி எண் மாறிய வண்டிக்குப் பழைய அபராதமும் பழைய காகிதமும் பழைய எண்ணின் பெயரிலேயே கிடக்கும். 2016-ல் செய்த கார், 2022-ல் விட்ட வரிசையில் கடலூரின் டி.என்.31 எண் வைத்திருந்தால் அது வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. முந்தைய எண் என்ன என்று கேட்டு அதையும் தேடுங்கள். இரண்டு கதவு எண்ணையும் ஒரே வீடு என்று உறுதிப்படுத்துவது சேசிஸ் நம்பர்தான்.

"சிங்கிள் ஓனர்" என்ற வார்த்தையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலேயே இரண்டு மூன்று கை மாறும் வண்டிகள் ஏராளம். ஆர்.சி.யில் ஒரே பெயர். ஓட்டியது மூன்று பேர். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரிடமே போனில் பேசி, எப்போது யாரிடம் கொடுத்தார் என்று கேட்டுவிடுவது நல்லது.

எந்தக் கணக்கிலும் ஏறாத தண்ணீர்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்களில் கார்கள் மூழ்கி நின்றன. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரில் குண்டு உப்பலவாடி பக்கமெல்லாம் புகுந்தது. 2015 வெள்ளமும் நமக்கு மறக்கவில்லை. அந்தக் கார்கள் எல்லாம் எங்கே போயின?

பழுதுச் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், இன்சூரன்ஸ் நிறுவனம் அதை முழு இழப்பு என்று முடித்து, வண்டியை ஏலத்தில் விற்கும். ஏலத்தில் எடுத்தவர் கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்குக் கொண்டுவரலாம். இது ஒரு வகை. இன்னொரு வகை இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது. தண்ணீரில் ஸ்டார்ட் செய்து என்ஜினுக்குள் தண்ணீர் போனால், பாலிசியோடு என்ஜின் பாதுகாப்பைக் கூடுதலாகச் சேர்த்து எடுக்காதவருக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது. அவர் க்ளெய்ம் போடாமல் சொந்தக் காசில் வெளியே சரிசெய்வார். வாகனில் இல்லை, போலீஸில் இல்லை, இன்சூரன்ஸில் இல்லை, கம்பெனி சர்வீஸிலும் இல்லை. என் தம்பி பார்த்த கார் இந்த ரகமாகத்தான் இருக்க வேண்டும். அதன் பாலிசியில் என்.சி.பி. ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்திருந்தது.

வெள்ளக் கார் வாங்கிய அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். ஒயர்களின் இணைப்புகளில் தங்கிய ஈரம் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து ஒருநாள் பவர் விண்டோ நிற்கும், அப்புறம் ஏர்பேக் விளக்கு எரியும். எங்கே தொடங்கியது என்று மெக்கானிக்காலும் பிடிக்க முடியாது.

இதற்குக் கண்ணும் மூக்கும்தான் பதிவேடு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். நாம் தினமும் பார்க்காத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக்கறை கோடாக நிற்கும். ஸ்டெப்னி இருக்கும் குழியைப் பாருங்கள். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, முகப்பு விளக்கின் உள்ளே பனி மாதிரி படலம், மூக்கைத் துளைக்கும் அளவுக்குப் புது சென்ட், எல்லாமே கேள்வி கேட்க வேண்டிய இடங்கள். நம்முடையது கடற்கரை ஊர் என்பதால் வண்டியின் அடியில் லேசான துரு எல்லா காரிலும் இருக்கும். உள்ளே, விரிப்புக்குக் கீழே துரு இருந்தால் அது உப்புக்காற்று செய்த வேலை இல்லை.

பணம் கொடுத்த பிறகு

இவ்வளவும் பார்த்து வாங்கினால், பெயரை உடனே மாற்றுங்கள். சட்டப்படி வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம், விற்றவர் மாநிலத்துக்குள் என்றால் 14 நாளில் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. விற்பவரிடம் இதைச் சொன்னால் அவரே ஆர்.டி.ஓ.வுக்குக் கூடவே வருவார். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

தம்பி அந்த வண்டல் காரை விட்டுவிட்டான். இரண்டு மாதம் கழித்து மஞ்சக்குப்பத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் ஒரு டி.என்.31 கார் கிடைத்தது. கேட்காமலேயே சர்வீஸ் சென்டருக்குக் கூட வந்தார். அன்று எடுத்த பென்சில் பிரிண்ட்டை இவன் இன்னும் ஆர்.சி. கவரிலேயே வைத்திருக்கிறான்.